சமையல் காஸை விட்டு மாறுவது எப்படி? கொழும்பு வீடுகளிலும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை எரிவாயுவைக் கைவிட வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் அந்த வாயுவே இல்லையே?

இல்லைதான். நம் அடுப்பில் எரிவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவப் பெற்றோலிய வாயு. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீதேன். புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் தெருவுக்குப் பெயர் கொடுத்தது இரண்டுமல்ல. அது நிலக்கரியைச் சுட்டு எடுத்த பழைய நகர வாயு. 2011இல் மன்னார்ப் படுகையில் தோண்டிய இரண்டு கிணறுகளில் இயற்கை எரிவாயு கிடைத்தது. இன்னும் அது வணிக அளவில் எடுக்கப்படவில்லை. கெரவலப்பிட்டியில் அந்த வாயுவில் ஓடக்கூடியதாகக் கட்டிய மின்நிலையங்கள் எண்ணெயில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெயர் எதுவானாலும், பூமிக்கடியிலிருந்து வந்த வாயுவை எரித்துச் சூடு எடுக்கிறோம். அதிலும் பெரும்பகுதியை டொலர் கொடுத்துக் கப்பலில் இறக்குகிறோம். இயற்கை எரிவாயுவுக்கும் நம் காஸுக்கும் மாற்று வழிகள் ஒன்றே. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது உங்களுக்கு எத்தனை பாகைச் சூடு வேண்டும் என்பதுதான். குளிக்க 45 பாகை போதும். சோறு வேக 100, வடை பொரிய 180, ஓடு சுட ஏறத்தாழ 1,000. இந்த நான்குக்கும் ஒரே மருந்து இல்லை.

ஒரு 12.5 கிலோ சிலிண்டருக்குப் பதிலாக எத்தனை அலகு மின்சாரம் தேவைப்படும்?

இந்தக் கணக்கைப் போடாமல் அடுப்பு வாங்கக் கூடாது. ஒரு கிலோ காஸில் ஏறத்தாழ 12.8 அலகு (கிலோவாட் மணி) வெப்பம் உண்டு. அப்படியானால் ஒரு சிலிண்டரில் 160 அலகு. வீட்டு அடுப்பில் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் சட்டிக்குள் போகிறது. மீதி சட்டியின் பக்கவாட்டால் ஏறிக் குசினியைச் சூடாக்குகிறது. ஆக, உண்மையில் பயன்படுவது 75 அலகு அளவில்.

காந்தப்புலத்தால் சட்டியின் அடியையே நேராகச் சூடாக்கும் இன்டக்ஷன் அடுப்பு, எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதத்தைச் சட்டிக்குக் கொடுக்கும். 75ஐ 0.85ஆல் வகுத்தால் 88 அலகு. கண்ணாடிக்குக் கீழே கம்பி சிவந்து சூடு தரும் இன்ஃப்ராரெட் அடுப்பில் 70 சதவீதம் என்று எடுத்தால் 107 அலகு.

சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டில் இது மாதம் 59 அலகு. 30 நாளில் முடிகிற வீட்டில் 88. உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் என்பதை ஊகிக்காதீர்கள். புதிய சிலிண்டர் பூட்டும் நாளை மார்க்கரால் சிலிண்டரிலேயே எழுதுங்கள். இரண்டு சிலிண்டர் முடிந்தபின் கணக்கு கையில் இருக்கும்.

மின்பட்டியல் எகிறி விடாதா?

சில வீடுகளில் எகிறும். அலகு கூடக்கூட அடுத்த அலகின் விலையும் நிலையான கட்டணமும் கூடுகிற படிமுறை நம்முடையது. 60 அலகுக்கு மேல் போகும் வீட்டுக்கு 90, 120, 180 என்று எல்லைகள் வரும். மாதம் 75 அலகு பாவிக்கும் வீடு 59 அலகைச் சேர்த்தால் 134. ஒரே தாவலில் இரண்டு எல்லைகளைக் கடந்து விடுகிறது.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். மொத்தப் பட்டியலை அலகுகளால் வகுத்துச் சராசரி விலை பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, புதிதாகச் சேரும் அலகுகள் விழுகிற படியின் விலை. அதை இப்படி ஒப்பிடுங்கள்: சிலிண்டர் விலையை 88ஆல் வகுங்கள். சிலிண்டர் 4,000 ரூபா என்று வைத்தால் 45 ரூபா வரும். புதிய அலகின் விலையோடு, கூடுகிற நிலையான கட்டணத்தின் பங்கையும் சேர்த்தது 45க்குக் குறைவாக இருந்தால் இன்டக்ஷன் லாபம். கூடினால், கூரையில் சூரியப்படல் (சோலார் பனல்) இல்லாமல் முழுச் சமையலையும் மாற்றாதீர்கள். சோறு, பருப்பு, தேநீர்த் தண்ணீர் ஆகிய மூன்றை மட்டும் மாற்றுங்கள். விலைகள் திருத்தப்படும்போது 4,000க்குப் பதிலாக அன்றைய விலையைப் போட்டால் போதும்.

நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. மாலை 6.30 முதல் 10.30 வரைதான் மிகவும் விலை கூடிய நேரம். நம் ஊரில் இரவுச் சாப்பாடு சமைக்கிற நேரமும் சரியாக அதுவே. அந்த வீடுகளில் கறிகளை மாலை 6 மணிக்கு முன் முடித்துவிட்டு, இரவில் புட்டோ இடியப்பமோ மட்டும் அவிப்பது நல்ல பழக்கம்.

சூரியப்படல் போட்டால் எத்தனை கிலோவாட் சமையலுக்குப் போதும்?

கொழும்பில் ஒரு கிலோவாட் படல் மாதம் 110 முதல் 120 அலகு தரும். 45 நாள் சிலிண்டர் வீட்டின் சமையலுக்கு அரைக் கிலோவாட் போதும், அதாவது 550 வாட் படல் ஒன்று. ஒரு படலுக்காக யாரும் வந்து பூட்ட மாட்டார்கள். வீட்டின் மொத்தப் பாவனையோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

2010இல் வந்த நெற் மீற்றரிங்கிலும், 2016இல் அரசின் கூரைச் சூரிய மின்திட்டமான சூரிய பல சங்கிராமயவோடு வந்த நெற் அக்கவுன்டிங்கிலும் அனுப்பிய அலகும் எடுத்த அலகும் ஒன்றுக்கொன்று கழிபடும். ஆகவே இரவில் சமைத்தாலும் தாளில் கணக்குச் சரி. நாட்டுக்கு மட்டும் அது சரியில்லை. இரவு மின்சாரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. நண்பகலிலோ மின்சாரம் மிஞ்சுகிறது: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் படல்களை நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்கவேண்டி வந்தது. விடுமுறை நாளில் மதியச் சமையலை மின்சாரத்தில் செய்கிற ஒவ்வொரு வீடும் அந்த மிச்சத்தை வீணாகாமல் காப்பாற்றுகிறது. புதிய இணைப்புகளுக்கு நிபந்தனைகளும் வாங்கும் விலையும் மாறியிருக்கின்றன. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள்.

வீட்டு வயரிங் தாங்குமா?

ஒற்றை அடுப்பு 2,000 வாட். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். நல்ல 13 ஆம்பியர் சொக்கெட் இதைத் தாங்கும். இரட்டை அடுப்பு 4,000 வாட், 17.4 ஆம்பியர். இதற்குப் பிரேக்கர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும்: 4 சதுர மில்லிமீற்றர் செம்பு, 20 ஆம்பியர் பிரேக்கர், சொக்கெட் இல்லாமல் நேரடி ஐசொலேற்றர் சுவிட்ச்.

பிறகு மொத்தச் சுமையைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகள் 30 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ், அதாவது 6.9 கிலோவாட். இரட்டை அடுப்பு 4, கேத்தல் 2, ஏசி 1.2 சேர்த்தால் 7.2. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழக்கூடும். ஒரு நேரத்தில் எது ஓடும் என்று வீட்டில் ஒழுங்கு வைக்க முடிந்தால் சமாளிக்கலாம். முடியாவிட்டால் த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கோட்டில் அடுப்பைப் பூட்டவே கூடாது. பழைய வட்டமுள் சொக்கெட்டில் அடப்ரர் செருகி 2,000 வாட் எடுப்பதும் கூடாது. தளர்ந்த முள்ளில் தொடுகை குறைந்து சூடேறும். முதலில் பிளக் மஞ்சளிக்கும், பிறகு உருகும். பூட்டிய முதல் வாரத்தில் அரை மணி நேரச் சமையலுக்குப் பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சொக்கெட்டை மாற்றியே ஆகவேண்டும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

எங்கள் சட்டி, தாச்சி, தோசைக்கல் எல்லாம் சரிவருமா?

காந்தம் அடியில் இறுக ஒட்டினால் சரிவரும். மண்சட்டி, அலுமினியச் சட்டி, பித்தளை வராது. ஒட்டினாலும் அடி 12 சென்ரிமீற்றருக்குக் குறைவு என்றால் பல அடுப்புகள் சட்டியை உணராது.

இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும், ஒரு சிக்கலோடு. அடுப்புக்குள் இருக்கும் சுருளின் விட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். கல் 28 என்றால் நடு கருகும், ஓரம் வெளிறி நிற்கும். 800 வாட்டில் நாலைந்து நிமிடம் மெதுவாகக் காயவிட்டு, பிறகு கூட்டினால் சூடு ஓரம்வரை பரவும். எடுத்த எடுப்பிலேயே 2,000 வைத்தால் கல் வளையும், கண்ணாடியும் வெடிக்கலாம்.

தாளிக்கும்போதும் கவனம். மெல்லிய அடியுள்ள சட்டியில் எண்ணெய் ஒரு நிமிடத்துக்குள் புகையும். 1,000 வாட்டில் தொடங்குங்கள். தேங்காய்ப்பால் விட்டபின் 400க்கு இறக்குங்கள். குறைந்த வேகத்தில் பல அடுப்புகள் நின்று நின்று ஓடும்.

அப்பச் சட்டிக்கு அடி வளைவு. தட்டையான கண்ணாடியில் அது சரிவராது. இதற்கு ஒரு சிறிய காஸ் அடுப்பை வைத்திருப்பதில் தவறில்லை. அலுமினியச் சட்டிக்குக் கீழே வைக்கும் இரும்புத் தட்டை மட்டும் வாங்க வேண்டாம். அது பாதிச் சூட்டைத் தின்றுவிட்டு அடுப்பின் கண்ணாடியையும் கெடுக்கும்.

இன்டக்ஷன் அடுப்பு ஒரு வருடத்தில் பழுதாகிறது. ஏன்?

மூன்று காரணங்கள். முதலாவது காற்று. அடியிலும் பின்னாலும் உள்ள துளைகளை மூடி, சுவரோடு ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் வலு டிரான்சிஸ்டர் வெந்து விடும். பின்னால் 10 சென்ரிமீற்றர் விடுங்கள், கீழே துணி விரிக்காதீர்கள், சமைத்தபின் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

இரண்டாவது கரப்பான். இரவில் சூடு தேடி உள்ளே போய் மின்சுற்றுப் பலகையில் இறந்து ஷோர்ட் ஆக்கும். துளைகளுக்குச் சன்னமான நைலோன் வலை ஒட்டி, மாதம் ஒருமுறை தட்டித் துப்பரவாக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த வலை முதல் காரணத்துக்கே திரும்பக் கொண்டுபோகும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் இதோடு உப்புக்காற்றும் சேரும். பாவிக்காத நேரத்தில் மூடி வைப்பது நல்லது.

மூன்றாவது மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடியோடு வரும் மின்னெழுச்சி. பெட்டியில் சேர்ஜ் அரெஸ்ரர் பூட்டுங்கள். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்.

கரண்ட் போனால் பட்டினியா?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதே மாதங்களில் காஸுக்கும் தெருத்தெருவாய் வரிசை. ஒன்றை மட்டும் நம்பியிருந்த வீடுகள்தான் அதிகம் தவித்தன. ஆகவே 2.3 அல்லது 5 கிலோ சிலிண்டர் ஒன்றை அவசரத்துக்கு வைத்திருங்கள்.

கூரையில் படல் இருப்பதால் மின்வெட்டிலும் சமைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பற்றரி இல்லாத சாதாரண இன்வேர்ட்டர், வெளி மின்சாரம் போன உடனே தானும் நின்று விடும்; கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பற்றரியோடு வரும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும். ஒரு வேளைச் சமையலுக்கு ஒன்று முதல் ஒன்றரை அலகு போகும். 5 அலகுப் பற்றரி அதைத் தாங்கும். ஆனால் 3 கிலோவாட் இன்வேர்ட்டரில் இரண்டு அடுப்பையும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது.

குசினிக் கழிவில் உயிர்வாயு (பயோகாஸ்) எடுக்கலாமா?

எடுக்கலாம், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்தால். காற்றுப் புகாத தொட்டியில் அழுகும்போது ஒரு கிலோ ஈரக்கழிவு ஏறத்தாழ 0.1 கனமீற்றர் வாயு தரும். வீட்டில் நாளுக்கு இரண்டு கிலோ கழிவு என்றால் 0.2 கனமீற்றர், சின்ன அடுப்பில் அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம். தேநீருக்கும் ஒரு கறிக்கும் போதும், முழுச் சமையலுக்கு வராது. தொடர்மாடியில் இதை யோசிக்க வேண்டாம்.

நாளுக்கு 100 கிலோ கழிவு சேரும் உணவகம், கல்யாண மண்டபம், விடுதி, மரக்கறிச் சந்தை ஆகியவற்றுக்குத்தான் இது பொருந்தும். 10 கனமீற்றர் வாயு, நாளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் காஸை மிச்சப்படுத்தும். தொடங்கும்போது சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஊற்றி மூன்று, நான்கு வாரம் காத்திருங்கள். முதலில் வரும் வாயு காபனீரொட்சைட்டு மிகுந்தது, தீப்பற்றாது. அதை வெளியே விட்டுவிடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஆசைப்பட்டு அதிகம் ஊட்டுவது. பழைய சோறும் தேசிக்காய்த் தோலும் குவிந்தால் தொட்டி புளித்து வாயு நின்று விடும். புளித்த மணம் வந்தால் ஒரு வாரம் ஊட்டாதீர்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். குழாயில் இரும்புத் தும்பு நிரப்பிய ஒரு குடுவை இருக்கட்டும். அழுகின முட்டை மணம் தரும் ஐதரசன் சல்பைட்டை அது பிடிக்கும். சாதாரண காஸ் அடுப்பு இதற்கு எரியாது. உயிர்வாயுவின் அழுத்தம் குறைவு, ஆகவே ஜெற் துளை பெரிதாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். முழுவதும் மின்சாரமாக்கலாமா?

அவிப்பதையும் கொதிக்க வைப்பதையும் முதலில் மாற்றுங்கள்: இட்லி, சோறு, சாம்பார், தேநீர்த் தண்ணீர். பொரிப்பது அடுத்தது. கொத்து ரொட்டிக்கல்லைக் கடைசிக்கு விடுங்கள். விட்டு விட்டு வரும் பெருஞ்சூடு அதற்குத் தேவை.

கவனிக்க வேண்டியது 42 கேவிஏ எல்லை (கேவிஏ என்பது மின்சுமையின் அளவு, ஏறத்தாழ கிலோவாட் போன்றது). அதைத் தாண்டினால் அலகுக்கு மட்டுமல்ல, மாதத்தில் எட்டிய உச்சச் சுமைக்கும் தனியாகக் கட்டணம் வரும். 5 கிலோவாட் அடுப்பு ஆறு 30 கிலோவாட். ஏசியும் குளிர்சாதனப் பெட்டிகளும் சேர்ந்தால் எல்லை தொட்டுவிடும். காலை எல்லா அடுப்பையும் ஒரே நிமிடத்தில் போடாமல் கால் மணி இடைவெளி விட்டால் உச்சம் இறங்கும். அதற்குப் பணம் செலவில்லை.

விடுதி, மருத்துவமனை, சலவை ஆகியவற்றுக்கான சுடுதண்ணீர்?

தயங்காமல் ஹீட் பம்ப். 1,000 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 55க்கு ஏற்ற 31 அலகு வெப்பம் வேண்டும். காஸ் என்றால் ஏறத்தாழ 3 கிலோ. ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுவதால் 8 அலகு மின்சாரத்தோடு முடித்து விடும். லண்டனில் வீடுகளின் இயற்கை எரிவாயு பொயிலரை மாற்றிப் பூட்டுவதும் இதே வகை இயந்திரம்தான். அங்கே பனியிலும் அது வேலை செய்ய வேண்டும். நமக்கு வருடம் முழுவதும் 27, 30 பாகைக் காற்று கிடைக்கிறது. இந்த இயந்திரத்துக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. அது வெளியே தள்ளும் குளிர்காற்றைச் சலவை அறைக்குள் விட்டால் வேலை செய்பவர்களுக்கும் ஆறுதல். தொட்டியைக் கிருமி வளராதபடி 60 பாகையில் வைத்து, குழாயில் கலந்து குறைத்துக் கொடுங்கள். நண்பகலில் சூடேற்றித் தொட்டியில் சேமித்தால் சூரிய மின்சாரத்தோடும் ஒத்துப்போகும்.

பியகம, இரத்மலானைப் பக்கத்தில் நீராவிப் பொயிலர் வைத்திருக்கிறோம். விறகுக்கு மாறலாமா?

மாறுவதற்கு முன் ஒழுக்குகளை அடைத்துவிடுங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று மணிக்கு 30 கிலோ நீராவியை வீணாக்கும். காஸ் கணக்கில் மணிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஸ்ரீம் ட்ரப் (நீராவியை விடாமல் ஒடுங்கிய நீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) ஒவ்வொன்றையும் சோதித்து, குழாய்க்குக் கவசம் சுற்றி, ஒடுங்கிய சுடுநீரைத் தொட்டிக்குத் திருப்பியபின் உங்களுக்குத் தேவைப்படும் பொயிலரே சிறியதாகி விடலாம். இதைச் செய்யாமல் பெரிய விறகுப் பொயிலர் வாங்குவது ஓட்டை வாளிக்குப் பெரிய கிணறு தோண்டுவது போன்றது.

விறகில் எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. 25 சதவீத ஈரமுள்ள விறகு நான்கு கிலோ, ஒரு கிலோ காஸுக்குச் சமம். புதிதாய் வெட்டிய, 45 சதவீத ஈரமுள்ளது என்றால் ஏழு கிலோ வேண்டும், புகையும் அதிகம். மணிக்கு ஒரு தொன் நீராவிக்கு, காய்ந்த விறகு மணிக்கு 250 கிலோவுக்கு மேல். பத்து மணி நேரத்துக்கு இரண்டரைத் தொன். மழைக்காலத்துக்கென இரண்டு வார இருப்புக்குக் கூரையுள்ள களஞ்சியம் இல்லாவிட்டால் இந்தத் திட்டம் மே மாதத்திலேயே நின்று விடும். விறகைத் தொன் கணக்கில் மட்டும் வாங்காதீர்கள், ஈரத்துக்கேற்ற விலை என்று ஒப்பந்தம் எழுதுங்கள். லொறி வந்ததும் மாதிரி எடுத்து, 105 பாகை அவனில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி நிறுத்தால் ஈரம் தெரிந்து விடும்.

எங்கிருந்து வந்த மரம் என்பதும் முக்கியம். மீள்நடுகைக்காக வெட்டிய இறப்பர் மரமும், 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட கிளிரிசிடியாவும் திரும்ப வளர்பவை. காட்டு மரம் வந்தால் அதைப் புதுப்பிக்கத்தக்கது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எரிபொருளை மாற்றும்போது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தையும் திருத்த வேண்டும். தூசு பிடிக்கும் சைக்கிளோனின் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ஓடு, பீங்கான், கண்ணாடி? பச்சை ஐதரசன் வருமா?

பச்சை ஐதரசன் என்பது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது. அப்படி ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 அலகு மின்சாரம் போகும். எரித்தால் திரும்பக் கிடைப்பது 33 அலகு. சமையலுக்கோ பொயிலருக்கோ அதை நினைக்கவே வேண்டாம். சிறிய பீங்கான் சூளைக்கு நேரடி மின்சூளை 1,300 பாகை வரை போகும். பெரிய ஓட்டுச் சூளைக்கு விறகை வாயுவாக்கி உடனே, சூடாறுமுன் எரிப்பது நடைமுறை வழி. அந்த வாயுவைக் குளிரவைத்துக் குழாயில் தூரம் அனுப்பினால் தார் படிந்து வால்வுகள் அடைபடும்.

காஸ் அடுப்பைக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ரெகுலேற்றரை மூடி, அடுப்பை எரியவிட்டு, குழாயில் மிஞ்சிய வாயு தீர்ந்து சுடர் தானாக அணையும்வரை பொறுங்கள். பிறகு ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டர் மூடியைப் போடுங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு ஓடும். ஆகவே சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில், கழிவுநீர்க் கானுக்கும் படிக்கட்டுக்குக் கீழான அறைக்கும் விலக்கி வையுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் சிறிய சிலிண்டரை மாதம் ஒருமுறை பூட்டி, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வெடிப்பு விழுந்த றப்பர் குழாயைப் பாவனை குறைவுதானே என்று விட்டுவைக்காமல் அன்றே மாற்றுங்கள்.